டச் அண்ட் கோ… டென்ஷனான கதை!

மூணே மூணு வார்த்தை. யூ.கே.ஜி. படிக்கிற வாண்டுகூட அர்த்தம் சொல்லிவிடும். டச்… அண்ட்… கோ. இந்த மூன்றையும் சேர்த்து ஒருத்தர் சொன்னதை நான் தப்பாகப் புரிந்துகொண்டதில், 240 உதிரிபாகங்கள் லாரி ஏறப் பார்த்தன. ஒரு அக்காவின் வேலைக்கும் ஆபத்து வரப் பார்த்தது. இங்கிலீஷ் இடியம்ஸ் பற்றி எழுதச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் வடக்குப்பட்டு. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்து கிராமம். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. போன லீவில் ஒரு மாதம் இன்-பிளான்ட் ட்ரெய்னிங். எங்கள் ஏரியாவிலேயே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. (பேர் மட்டும் கேட்காதீங்க, ப்ளீஸ்!)

குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் என்னை உட்கார வைத்துக் கையில் ஒரு ப்ளக் கேஜைக் கொடுத்தார்கள். பார்க்க ஒரு குட்டி உருளைக்கட்டை மாதிரி இருக்கும். ஒரு முனைக்குப் பேர் ‘கோ’. இன்னொரு முனைக்குப் பேர் ‘நோ கோ’. பாகத்தில் போட்டிருக்கிற துளைக்குள் ‘கோ’ முனை போக வேண்டும். ‘நோ கோ’ முனை போகக்கூடாது. போனால் துளை பெரிசாகிவிட்டது என்று அர்த்தம். ரிஜெக்ட். அவ்வளவுதான் வேலை.

அன்றைக்கு வந்த லாட்டில் ‘நோ கோ’ முனை உள்ளேயும் போகவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. துளையின் வாயில் லேசாக மாட்டி நின்றது. அந்த நேரம் பார்த்து, எங்களிடம் சரக்கு வாங்குகிற கம்பெனியில் இருந்து ஒரு எஞ்சினியர் லைனைப் பார்க்க வந்தார். இங்கிலாந்துக்காரர். ரெண்டு பாகத்தை எடுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “இட்ஸ் டச் அண்ட் கோ” என்றார். அடுத்த லைனுக்குப் போய்விட்டார்.

என் மூளை உடனே கணக்குப் போட்டது. ‘டச்’… ஆமாம், கேஜ் தொட்டுக்கிட்டுதான் நிக்குது. ‘கோ’… அதாவது, போகலாம். ஆஹா, பாஸ்! மொத்த ட்ரேக்கும் பச்சை டேக் மாட்டிவிட்டேன். ஒரு வெள்ளைக்காரர் பேசின இங்கிலீஷ் ஒரே தடவையில் புரிந்துவிட்ட சந்தோஷம் வேறு!

ட்ராலி டிஸ்பேட்ச் பக்கம் திரும்பும்போது லைன் இன்ஸ்பெக்டர் அக்கா வந்தார்.

“பச்சை டேக் யாரு போட்டது?”

“நான்தாங்க்கா. அந்த சார்தான் ‘கோ’ன்னு சொன்னார்.”

“என்ன சொன்னார்? அப்படியே சொல்லு.”

“டச் அண்ட் கோன்னு…”

அக்கா திட்டவில்லை. ஓடிப் போய் ட்ராலியை நிறுத்தினார். பச்சையைக் கழற்றி மஞ்சள் டேக் மாட்டினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, “பாப்பா… அதுக்கு அர்த்தம் ‘இழுபறியா இருக்கு’ன்னு. தப்பிச்சாலும் தப்பிக்கும், மாட்டினாலும் மாட்டும்” என்றார்.

240 பாகங்களையும் டயல் போர் கேஜ் வைத்து மறுபடி அளந்தோம். 17 ரிஜெக்ட். மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்கு. சாயந்திரம் மீட்டிங்கில் ‘டேக் எப்படி மாறியது?’ என்று கேட்டபோது அக்கா, “என் லைன் சார். நான்தான் நின்னு கேட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் தெரியுமா? அந்தத் தப்பு என் பேரில் எழுதப்பட்டால் ட்ரெய்னிங் ரிப்போர்ட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். அக்கா கான்ட்ராக்ட். விழுப்புரம் பக்கம் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். அவர் பேரில் எழுதினால், அது சோறு!

எல்லாருக்கும் இரவல் இங்கிலீஷ்

எங்கள் பக்கம் வந்து பார்த்திருக்கிறீர்களா ஃப்ரெண்ட்ஸ்? இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிசான் ஆலை வந்தது. 2012-ல் ஜெர்மனியின் டைம்லர் பாரத்பென்ஸ் லாரிகளோடு வந்தது. 2013-ல் ராயல் என்ஃபீல்டு. கூடவே டயர், கண்ணாடி, எலெக்ட்ரானிக்ஸ் என்று எத்தனையோ. கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மன்காரர் ஒரு பக்கம். ஒடிசா, பீகார் அண்ணன்கள் ஒரு பக்கம். நடுவில் நாம்.

இத்தனை பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேச இருப்பது இங்கிலீஷ். அது இவர்களில் பெரும்பாலானோருக்குத் தாய்மொழி கிடையாது. எல்லாருமே கடன் வாங்கித்தான் பேசுகிறோம். வாங்கின கடனில் வார்த்தைகள் சுலபமாக வந்துவிடுகின்றன. மரபுத்தொடர்தான் மாட்டிவிடுகிறது!

இது இன்று நேற்றுத் தொடங்கிய கதையும் இல்லை. 2022-ல் எங்கள் ஊரில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. கல் கருவிகள் கிடைத்தன. கூடவே ரோமானிய ஆம்போரா ஜாடியின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. வெளிநாட்டுச் சரக்கு அப்போதே எங்கள் மண்ணுக்கு வந்திருக்கிறது. அந்தச் சரக்கு கை மாறும்போது எந்த மொழியில் பேரம் பேசினார்களோ? ‘டச் அண்ட் கோ’ மாதிரி எதையாவது சொல்லி யாராவது யாரையாவது முழிக்க வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்!

கையை விரிச்சா என்ன அர்த்தம்?

மரபுத்தொடர் என்றால் என்ன? வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் தெரிந்தாலும், சேர்த்துப் பார்த்தால் வேறு எதையோ சொல்லும். நமக்கு இது புதுசா என்ன? தமிழில் ‘கை’ என்ற ஒரு எழுத்தை வைத்துக்கொண்டே நாம் எவ்வளவு வித்தை காட்டுகிறோம் பாருங்க.

கை கொடுத்தான் என்றால் உதவி செய்தான். கை விரித்தான் என்றால் உதவி இல்லை என்றான். கை கழுவினான் என்றால் சம்பந்தமே வேண்டாம் என்று விட்டான். கையைக் கடித்தது என்றால் நஷ்டம். கை ஓங்கியது என்றால் ஜெயிக்கிறான். கை நனைத்தான் என்றால் விருந்து சாப்பிட்டான்!

டச் அண்ட் கோ சம்பவம் நடந்து ஒரு வாரம் இருக்கும். அதே இங்கிலாந்து எஞ்சினியர் கேன்டீனில் எங்கள் டேபிளுக்கு வந்தார். அவருடைய கார் டிரைவர் அண்ணன் அவருக்குத் தினம் கொஞ்சம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாராம். “ஸ்டோர்ஸ்காரர் கையை விரிச்சிட்டார்னு டிரைவர் சொல்றார். ஸ்டோர்ஸ்காரருக்கு யோகா தெரியுமா?” என்று இங்கிலீஷில் சீரியஸாகக் கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. அர்த்தம் சொன்னதும் அவரும் சேர்ந்து சிரித்தார். பாக்கெட்டில் இருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. ‘தமிழ் மீடியம், அதான் உனக்குப் புரியலை’ என்று ஒரு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு நம் ‘கை’ புரியவில்லை. எனக்கு அவர் ‘டச்’ புரியவில்லை. இதில் யார் மக்கு? ரெண்டு பேருமே இல்லை! அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர் கூச்சப்படாமல் கேட்டார். நான் கேட்கவில்லை.

விமானத்தில் இடியமுக்கு வேலை இல்லை

‘டச் அண்ட் கோ’ என்று விமானத் துறையிலும் ஒரு வார்த்தை உண்டு. பயிற்சி பைலட் விமானத்தை ஓடுபாதையில் இறக்கி, சக்கரம் தரையைத் தொட்டதும், நிறுத்தாமல் அப்படியே மறுபடி மேலே ஏற்றுவார். அதற்குப் பேர்தான் அது. ஒரே தொடர், இடத்துக்கு இடம் வேறு அர்த்தம்!

விமானம் என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1990 ஜனவரி 25. கொலம்பியாவில் இருந்து நியூயார்க் வந்த அவியான்கா 52 என்ற விமானத்தை, மோசமான வானிலையால் நீண்ட நேரம் வானத்திலேயே வட்டமடிக்கச் சொன்னார்கள். எரிபொருள் கரைந்துகொண்டே வந்தது. விமானிகள் ‘முன்னுரிமை வேண்டும்’ என்றார்கள். ‘எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்றும் சொன்னார்கள். ஆனால், ‘எமர்ஜென்சி’ என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. கீழே இருந்தவர்களுக்கு ஆபத்தின் அளவு உறைக்கவில்லை. விமானம் லாங் ஐலண்டில் விழுந்து 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் அவசரநிலையை முறைப்படி அறிவிக்காததை விசாரணை அறிக்கை முக்கியக் காரணமாகச் சொன்னது.

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, சர்வதேச விமானங்களை ஓட்டுகிற பைலட்டுகளுக்கும் தரைக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித் திறனை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. 2008 மார்ச் முதல் குறைந்தது நான்காம் படி கட்டாயம். இதில் சுவாரஸ்யம் என்ன தெரியுமா? மரபுத்தொடர் கலந்து பேசுகிற திறமை ஐந்தாம், ஆறாம் படிகளில்தான் வருகிறது. நான்காம் படிக்கு அது தேவையே இல்லை. எதிர்பாராத சிக்கல் வந்தால் சுற்றி வளைத்தாவது புரிய வைக்கத் தெரிய வேண்டும். புரியாவிட்டால் திரும்பக் கேட்டு உறுதி செய்யத் தெரிய வேண்டும். விமானம் ஓட்ட அது போதும்!

ஆக, இடியம்ஸ் பேசத் தெரியவில்லையே என்று யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அடுத்தவர் சொன்னால் புரிய வேண்டும். புரியாவிட்டால் கேட்க வேண்டும். பேசுவது அப்புறம் தானாக வரும்.

ஒரு டீ, ஒரு இடியம்

சம்பவத்துக்கு மறுநாள் அக்கா எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொடுத்தார். “தினம் டீ பிரேக்ல ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு போதும்” என்றார். “மொபைல்ல தேடினா லிஸ்ட்டே வருமேக்கா” என்றேன். “லிஸ்ட்டை நானும்தான் மனப்பாடம் பண்ணேன் பாப்பா. டிப்ளமோ படிக்கும்போது ஐம்பது. இப்ப அஞ்சுகூட ஞாபகம் இல்ல. லைன்ல கேட்டது ஒண்ணுகூட மறக்கல” என்றார்.

அக்கா போட்டுத் தந்த நோட்டில் நாலு கட்டம். ஒன்று, காதில் விழுந்த முழு வாக்கியம். இரண்டு, யார் யாரிடம் சொன்னார். மூன்று, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. நான்கு, ‘உங்க ஆயாவா இருந்தா இதை எப்படிச் சொல்வாங்க?’ (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.)

மூன்றாவது கட்டம்தான் உயிர். ‘கட் கார்னர்ஸ்’ என்பதை நான் அகராதியில் படித்திருந்தால் மறந்திருப்பேன். ஒரு சூப்பர்வைசர், ஒரு செக்கிங்கைச் செய்யாமலேயே டிக் அடித்த பையனிடம் “டோன்ட் கட் கார்னர்ஸ்” என்று சொன்னதை நேரில் பார்த்தேன். அந்தப் பையனின் முகம் இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. வேலையை முடிக்கக் குறுக்கு வழி பிடிப்பதுதான் அது. ஜென்மத்துக்கும் மறக்காது!

மெஷின் பேசும் மொழி

நோட்டு நிரம்ப ஆரம்பித்ததும் ஒன்று கவனித்தேன். ஃபேக்டரியில் காதில் விழுகிற பாதி இடியம்ஸ் மெஷினில் இருந்தே பிறந்தவை. மெக்கானிக்கல் பசங்களே, காலரைத் தூக்கி விட்டுக்கோங்க!

ஃபயரிங் ஆன் ஆல் சிலிண்டர்ஸ்: எஞ்சினில் எல்லா சிலிண்டரும் எரிந்தால்தான் முழு வேகம். ‘டீம் முழு மூச்சா வேலை செய்யுது’ என்று அர்த்தம்.

லெட் ஆஃப் ஸ்டீம்: பாய்லரில் நீராவி அழுத்தம் ஏறினால் சேஃப்டி வால்வு திறந்து வெளியே விடும். மனசுக்குள் அடக்கிய கோபத்தைக் கொட்டித் தீர்ப்பது இது. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் நிறைய கேட்கலாம்!

ஸ்பானர் இன் தி வொர்க்ஸ்: ஓடுகிற மெஷினுக்குள் ஸ்பானர் விழுந்தால்? எல்லாம் நல்லாப் போகும்போது வந்து கெடுக்கிற தடங்கல். அமெரிக்காக்காரர் இதையே ‘மங்கி ரெஞ்ச்’ என்பார். நம் ஆயா ‘தாழி உடைஞ்சுபோச்சு’ என்பார். வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே அது உடையும்!

பேக் டு தி டிராயிங் போர்ட்: போட்ட திட்டம் ஊத்திக்கொண்டது, முதலில் இருந்து ஆரம்பி. இதைப் பிரபலமாக்கியது 1941-ல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் பீட்டர் ஆர்னோ போட்ட ஒரு கார்ட்டூன். கீழே விழுந்து நொறுங்கிக் கிடக்கும் விமானத்தின் பக்கம் எல்லாரும் ஓட, அதை வடிவமைத்தவர் மட்டும் வரைபடச் சுருளை இடுக்கிக்கொண்டு நிதானமாகத் திரும்பி நடப்பார்!

பாட்டில்நெக்: பாட்டில் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் தண்ணீர் வருவது கழுத்தின் அளவுக்குத்தான். ஐந்து மெஷினில் ஒன்று மெதுவாக ஓடினால் மொத்த லைனும் அதன் வேகத்துக்குத்தான் ஓடும்.

கிரிக்கெட் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் லாபம். ‘ஆன் தி பேக் ஃபுட்’ என்றால் தற்காப்பு நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பது. ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்றால் சிக்கலான நிலைமை. பிட்சை மூடி வைக்காத காலத்தில், மழையில் நனைந்து காய்கிற பிட்சில் பேட்ஸ்மேன் பட்ட பாடு அது. ‘ஆஃப் ஹிஸ் ஓன் பேட்’ என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே செய்தது. அக்கா ஓடிப்போய் ட்ராலியை நிறுத்தினாரே, அது மாதிரி.

ஆயாவின் அகராதி

நாலாவது கட்டத்துக்காக ராத்திரி ஆயாவிடம் உட்காருவேன். நான் அர்த்தம் சொல்ல, ஆயா வெற்றிலை மடித்துக்கொண்டே நம்ம ஊர்த் தொடரைத் தூக்கிப் போடுவார்.

இங்கிலீஷ்காரர் ஒரே கல்லில் ரெண்டு பறவையைக் கொல்வார். ஆயா ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் அடிப்பார். (உயிர்க்கொலை இல்லை!) அவர்கள் வேலி மேல் உட்கார்ந்து முடிவெடுக்காமல் இருப்பார்கள். நமக்கு அது மதில் மேல் பூனை. அவர்கள் பேய்க்கும் ஆழ்கடலுக்கும் நடுவில் மாட்டுவார்கள். நாம் இருதலைக் கொள்ளி எறும்பு. நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன நியூகாசிலுக்கே நிலக்கரி கொண்டுபோவது அவர்கள் வழக்கம். கொல்லன் தெருவில் ஊசி விற்பது நம் வழக்கம். அவர்கள் இரும்பு சூடாக இருக்கும்போதே அடிக்கச் சொல்வார்கள். நாம் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொல்வோம். அங்கே கொல்லுப்பட்டறை, இங்கே களத்துமேடு. ஊர் எதைச் செய்து பிழைத்ததோ, அதுதான் பேச்சிலும் வருகிறது!

முதலைக் கண்ணீர் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. “அதெல்லாம் இருக்கட்டும், நீலிக் கண்ணீர்தான் நம்மூரு” என்றார் ஆயா. திருவாலங்காடு பக்கத்துப் பழையனூர் நீலியின் கதையில் ஒரு ராத்திரி போய்விட்டது. அடுத்த நாள் காலையில் பஸ்ஸை விட்டது தனிக்கதை.

நம் மரபுத்தொடர்களைத் தேட ஒரு நல்ல புத்தகமும் இருக்கிறது. மொழி அறக்கட்டளை 1997-ல் கொண்டுவந்த ‘தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதி’. காலேஜ் லைப்ரரியில் இருந்தால் புரட்டிப் பாருங்க. நாம் யோசிக்காமலே எத்தனை இடியம் பேசுகிறோம் என்று தெரிந்தால், இங்கிலீஷ் இடியம்ஸ் மேல் இருக்கிற பயம் பாதி போய்விடும்.

உஷார்… இங்கே பள்ளம்!

ஒன்று. இந்தியாவில் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2024’ என்றால் டிகிரி முடித்தேன். வெளிநாட்டுக்காரர் காதில் அது ‘2024-ல் மயங்கி விழுந்தேன்’! ஆன்லைன் இன்டர்வியூவில் ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிடுங்கள். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘டூ தி நீட்ஃபுல்’ இரண்டும் நமக்குள் ஓடும். வெளியே சிலரை முழிக்க வைக்கும்.

இரண்டு. இங்கிலீஷே தாய்மொழியாக இருக்கிறவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். ‘டேபிள் இட்’ என்றால் பிரிட்டனில் ‘இப்பவே விவாதிக்க எடு’. அமெரிக்காவில் ‘இப்போதைக்கு ஒத்திப்போடு’. இரண்டாம் உலகப்போரில் இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு நாட்டு அதிகாரிகளும் வெகுநேரம் மல்லுக்கட்டி, கடைசியில் இரண்டு பேருமே ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டதாக சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவர்களுக்கே அந்தக் கதி!

மூன்று. சில இடியம்ஸ் கெட்ட செய்திக்குப் பட்டுப்புடவை கட்டிவிடும். ‘லெட் கோ’ என்றால் ‘போக விட்டார்கள்’ என்று மென்மையாகத்தான் கேட்கும். அர்த்தம், வேலையை விட்டு அனுப்பினார்கள். ‘புல் தி பிளக்’ என்றால் ஒயரைப் பிடுங்குவது அல்ல, மொத்தமாக இழுத்து மூடுவது. எங்கள் பக்கம் இதெல்லாம் வெறும் வார்த்தைகள் இல்லை. 2006-ல் உற்பத்தி ஆரம்பித்து ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை தந்த ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ம் தேதியோடு உற்பத்தியை நிறுத்தியது. வேலை பார்க்கிற இடத்தில் வருகிற கடிதத்தில், சுற்றறிக்கையில் இனிப்பாக ஒரு தொடர் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அர்த்தம் கேளுங்கள்.

நான்கு. புதுசாகக் கற்றதை உடனே இறக்கிவிடாதீர்கள். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்று கற்ற மறுநாள், கஷ்டப்பட்டு வெல்டிங் முடித்த ஒரு அண்ணனிடம் அதைச் சொல்லிவிட்டேன். “எது, கேக்கா? வந்து நீ போடு” என்று ஹோல்டரை நீட்டிவிட்டார்! பாராட்டுவதாக நினைத்து அவர் உழைப்பை ‘சப்பை மேட்டர்’ ஆக்கிவிட்டேன்.

மக்கு இல்லை, கவனப் பிசகு

எங்கள் லைன் சுவரில் ‘போக்கா-யோக்கே’ என்று ஒரு போர்டு தொங்கும். ஜப்பானிய வார்த்தை. தெரியாமல் வரும் தவறைத் தடுப்பது என்று பொருள். ப்ளக்கைத் தலைகீழாகச் சொருக முடியாதபடி செய்வது மாதிரியான ஏற்பாடுகள் எல்லாம் இதில் வரும். முதலில் இதற்குப் பேர் ‘பாக்கா-யோக்கே’ என்று இருந்ததாம். ‘பாக்கா’ என்றால் முட்டாள். 1960-களில் ஒரு தொழிற்சாலையில் இந்த முறையைக் கொண்டுவந்தபோது, ஒரு பெண் தொழிலாளி ‘அப்படியென்றால் நான் முட்டாளா?’ என்று மனம் உடைந்துபோக, ஷிகியோ ஷிங்கோ என்ற நிபுணர் பேரையே மாற்றினார். ‘போக்கா’ என்றால் கவனப் பிசகு. யாருக்கும் வரலாம்.

அக்கா அன்றைக்கு என்னை ‘மக்கு’ என்று சொல்லியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். இங்கிலீஷ் பேசுகிற யாரைப் பார்த்தாலும் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். அக்கா அதற்குப் பதிலாக, பேச்சுக்கே ஒரு போக்கா-யோக்கே செய்தார். டேக் மாட்டும் முன் யாராக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். “சார்… பாஸ், ஹோல்ட், ரிஜெக்ட்?” மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் யாரும் நகர முடியாது. ஒரு அட்டையில் எழுதி கேஜ் ஸ்டாண்டிலேயே ஒட்டினோம். தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம், எல்லாருக்கும் அதே அட்டை.

ட்ரெய்னிங்கின் நாலாவது வாரம் அக்காவின் கான்ட்ராக்டை மூன்று மாதத்துக்கு நீட்டித்துவிட்டார்கள். அன்று ராத்திரிதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

கடைசி நாள். இங்கிலாந்து எஞ்சினியர் மறுபடி லைனுக்கு வந்தார். புது லாட்டில் இருந்து ஒன்றை எடுத்து, கேஜை வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குட்டி நோட்டைப் புரட்டினார்.

“இழுபறி…” என்று தமிழில் இழுத்தார். எனக்கு வயிறு கலங்கியது. “…இல்லை!” என்றார்.

நான் அட்டையைக் காட்டினேன். “சார்… பாஸ், ஹோல்ட், ரிஜெக்ட்?”

“பாஸ்” என்றார்.

பச்சை டேக்கை எடுத்து மாட்டினேன்.